திரையில் பச்சை, சலானில் தாமதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறு தொழிற்சாலைகளும் உற்பத்தியைக் காட்டும் டேஷ்போர்டுத் திரை வைத்துக்கொள்ள வேண்டும், வைத்தால் முதலாளி வெளியூரில் இருந்தபடியே பட்டறையைக் கண்காணிக்கலாம் என்று உங்கள் தொழில் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. படமும் நன்றாகத்தான் இருந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் சுவர் அகலத்துக்கு ஒரு திரையைப் பார்த்துச் சிரிக்கிறார். எங்கள் பட்டறையில் வெள்ளைக் கோட்டு பத்து நிமிஷம் தாங்காது, வெட்டும் இடத்தைக் குளிர்விக்க ஊற்றும் கூலன்ட் தெறித்துவிடும். அது கிடக்கட்டும்.

நான் கோவை கணபதியில் 14 ஆண்டுகளாகக் கடைசல் பட்டறை நடத்துகிறேன். கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மிஷின் (சி.என்.சி. லேத்) ஒன்பது, துளையிட்டுச் செதுக்கும் மிஷின் (வி.எம்.சி.) இரண்டு, இரண்டு ஷிப்டுக்கும் சேர்த்து 31 பேர். பம்ப் கம்பெனிகள் காஸ்டிங்கை, அதாவது உருக்கி வார்த்த பாகத்தை, அனுப்பும். இம்பெல்லர் (பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கரம்), மோட்டார் எண்ட் கவர் (மோட்டாரின் முனை மூடி), கொஞ்சம் வால்வு பாகங்கள் என்று கடைந்து கொடுப்பது எங்கள் ஜாப் ஒர்க். கட்டுரை சொன்னதை மூன்று வருஷத்துக்கு முன்பே செய்து கையைச் சுட்டுக்கொண்டவன் என்பதால் எழுதுகிறேன்.

ஒரு கண்காட்சியில் பார்த்து மயங்கி வாங்கினேன். 55 அங்குல டிவி, மிஷின் ஓடுகிறதா என்று பார்க்க மிஷினுக்கு ஒரு பெட்டி, போனில் ஒரு ஆப். நாலேகால் லட்சம் ஆனது, மாதச் சந்தா தனி. ஓடும் மிஷின் பச்சை, நின்ற மிஷின் சிவப்பு, எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில் ஓ.இ.இ. என்று ஒரு சதவீதம். அப்புறம் எனக்கு அதுவே வேலையாகிவிட்டது. சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு போனைத் திறப்பேன். நாலாம் நம்பர் சிவப்பு. உடனே சூபர்வைசரைக் கூப்பிடுவேன், அவர் ஓடிப்போய் ஆபரேட்டரிடம் சத்தம் போடுவார், ஐந்து நிமிஷத்தில் பச்சையாகிவிடும். பக்கத்து இலைக்காரரிடம் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

பச்சை கூடிக்கொண்டே வந்தது. டெலிவரி மட்டும் முன்னைவிட மோசம். கம்பெனிகளின் பர்ச்சேஸில் இருந்து தினம் போன். ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்குச் சொல்லாமல் பட்டறைக்குப் போனேன். மிஷின் பொருளை வெட்டும் சத்தம் வேறு, சும்மா சுற்றும் சத்தம் வேறு. பல வருஷம் லேத்துக்குப் பக்கத்தில் நின்றவனுக்கு வாசலிலேயே தெரிந்துவிடும். நாலாம் நம்பரில் கதவு சாத்தியிருந்தது, உள்ளே ஸ்பிண்டில் சுற்றிக்கொண்டிருந்தது, பொருளைப் பிடிக்கும் சக்கில் ஒன்றுமே இல்லை.

"ஏப்பா, ஜாப் இல்லாம எதுக்கு ஓடுது?"

"காஸ்டிங் தீந்துபோச்சுங்ணா. ஃபவுண்டரி வண்டி இன்னும் வரலீங்க. நிறுத்துனா செவப்புக் காட்டுதுங்க, சூபர்வைசர் அண்ணன் சத்தம் போடறாருங்க. அதான் சுத்த உட்டு வெச்சிருக்கனுங்க."

கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. காஸ்டிங் இல்லை என்று எனக்குச் சொல்ல வேண்டிய திரை, அதை மறைக்கப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. அதற்கு நான் சந்தா வேறு கட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த ஓ.இ.இ. (மிஷினின் மொத்தப் பயன்திறன்) பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்டுரையில் அதைத்தான் முதல் அளவாகப் போட்டிருக்கிறார்கள். ஓட வேண்டிய நேரத்தில் மிஷின் எவ்வளவு ஓடியது, ஓட வேண்டிய வேகத்தில் ஓடியதா, வந்த பீஸில் நல்லது எத்தனை என்று மூன்றையும் பெருக்குகிற கணக்கு. ஜப்பானில் செய்ச்சி நகாஜிமா வகுத்தது. மூன்றும் 90 என்றால் விடை 73தான் வரும். 85 வந்தால் உலகத்தரம் என்று வருகிற ஆலோசகரெல்லாம் சொல்கிறார்கள். ஒரே பீஸை மாதக்கணக்கில் ஓட்டும் லைனுக்கு அது பொருந்தலாம். நாங்கள் காலையில் 40 இம்பெல்லர், மதியம் 25 எண்ட் கவர், சாயந்தரம் இன்னொன்று என்று ஓட்டுகிறவர்கள். அடுத்த பொருளுக்கு மிஷினைத் தயார் செய்ய செட்டிங் மாற்றும் நேரமெல்லாம் சதவீதத்தைத் தின்றுவிடும். சதவீதத்தை ஏற்றுவதற்குச் சுலபமான வழியும் உண்டு: செட்டிங்கை மாற்றாமல் அடுத்த மாதத்துக்கான இம்பெல்லரையும் இன்றைக்கே ஓட்டிவிடுவது. எங்கள் சூபர்வைசர் அதைத்தான் செய்தார். எண் ஏறியது, ரேக்கில் இம்பெல்லர் துருப்பிடித்தது, எண்ட் கவர் கேட்ட கம்பெனி திட்டியது. வீண்களிலேயே பெரிய வீண் தேவைக்கு மேல் செய்து குவிப்பது என்று டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ சொன்னது எந்த அர்த்தத்தில் என்று அந்த ரேக்கைப் பார்த்தபோது புரிந்தது.

மிஷின் நின்றால் காரணத்தை டேப்லெட்டில் அழுத்த வேண்டும். 42 காரணம், எல்லாம் ஆங்கிலம். எங்கள் ஆபரேட்டர்களில் பாதிப்பேர் ஒடிசா, பீகார் பையன்கள். மீதிப்பேருக்கும் எண்ணெய்க் கையோடு 42ஐ உருட்டிப் பார்க்கப் பொறுமை ஏது? முதலில் இருந்த 'மற்றவை' பொத்தானைத் தட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். மாதக் கடைசியில் வண்ண வண்ணமாக வரைபடம் வந்தது. அதில் பெரிய தூண், மற்றவை.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. மிஷினில் செட்டிங் மாற்றும் எங்கள் மூத்த செட்டருக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரிதான் தெரியும். சிக்னலில் மேலே எரிகிறதா கீழே எரிகிறதா என்று பார்த்துத்தான் வண்டி ஓட்டுகிறாராம். 14 வருஷமாக என்னோடு இருக்கிறார், யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

டிவியை அணைத்தேன். மிஷினுக்கு ஒன்றாக, இரண்டடிக்கு மூன்றடி வெள்ளைப் பலகை வாங்கினேன். பதினொன்றும் சேர்த்து பத்தாயிரத்துக்குள் முடிந்தது. கட்டம் பிரிக்க எலெக்ட்ரிக் இன்சுலேஷன் டேப்பை மெல்லிசாகக் கிழித்து ஒட்டினோம். துடைக்கும்போது எழுத்து போகும், கோடு போகாது. நாலே பத்தி: மணி, திட்டம், நல்ல பீஸ், ஏன் குறைந்தது. மணிக்கு ஒரு தரம் ஆபரேட்டரே எழுத வேண்டும். இம்பெல்லரை மாட்டிக் கழற்றும் நேரத்தையும் சேர்த்து ஐந்து நிமிஷம் என்றால் மணிக்குப் பன்னிரண்டு. செட்டிங் மாற்றும் மணிக்குத் திட்டமே நாலுதான், அதை மறைப்பதில்லை. குறைந்த எண்ணைச் சிவப்பில் எழுதுவதில்லை, செட்டருக்காக வட்டம் போடுகிறோம். காரணத்தைத் தமிழிலோ இந்தியிலோ ஒடியாவிலோ எழுதலாம், எழுத வராதவர் படம் போடலாம். ஒரு பையன், துளையை அளக்கும் கேஜுக்கு இரண்டு முட்டைகளை ஒரு குச்சியில் கோத்த மாதிரி வரைவான். யாருக்கும் புரியாமல் போனதில்லை.

முதல் வாரமே ஒரு பாடம். மிஷின்கள் பழசாகிவிட்டன, ரிப்பேரில்தான் நேரம் போகிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். புது லேத்துக்கு லோன் கேட்டு வங்கியில் மனுவும் கொடுத்திருந்தேன். செட்டிங் மாற்றியதும் வரும் முதல் பீஸை அளந்து ஓகே சொன்ன பிறகுதான் மீதியை ஓட்டலாம். பலகையில் திங்கள்கிழமை காலை 'முதல் பீஸ் செக்கிங் - காத்திருப்பு' என்று இருந்தது. செவ்வாய் 'முதல் பீஸ்'. வியாழன் வந்தபோது வெறும் 'மு.பீ.'. நீளமாக எழுதக்கூடச் சலித்துப்போகும் அளவுக்கு ஒரே காரணம்.

மறுநாள் காலை எட்டரைக்கு இன்ஸ்பெக்‌ஷன் மேஜைப் பக்கம் போய் நின்றேன். ஐந்து மிஷினில் ஒரே நேரத்தில் செட்டிங் மாறியிருக்கிறது. ஐந்து ஆபரேட்டரும் முதல் பீஸைக் கொண்டுவந்து சாக்பீஸால் மிஷின் நம்பர் எழுதி அளப்பதற்கான சமதளக் கல்லில் (சர்ஃபேஸ் பிளேட்) வரிசையாக வைத்துவிட்டு நிற்கிறார்கள், ரேஷன் கடையில் பை போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. இன்ஸ்பெக்டர் ஒருத்தர். 25 மில்லிமீட்டர் துளையைச் சோதிக்கும் பிளக் கேஜும் ஒன்றே ஒன்று. கடைசி பீஸுக்கு ஓகே கிடைக்க ஐம்பது நிமிஷம். இது தினமும் நடந்திருக்கிறது. திரையில் ஐந்து சிவப்பு விளக்கு தெரிந்திருக்கும். நான் ஐந்து பேருக்கும் போன் போட்டிருப்பேன்.

இரண்டாவது கேஜ் வாங்கினோம். செட்டிங் மாற்றும் நேரத்தை மிஷினுக்கு மிஷின் தள்ளி வைத்தோம். மூத்த செட்டர்கள் இருவர் முதல் பீஸைத் தாங்களே அளந்து கையெழுத்துப் போடலாம் என்றோம். காத்திருப்பு பத்து நிமிஷத்துக்கு வந்தது. வங்கி மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

எதிர்பாராத லாபம் ஒன்றும் உண்டு. கடையும்போது உள்ளே காற்றுக்குமிழி ஓட்டை (புளோ ஹோல்) தெரிந்து தள்ளுபடியாகும் காஸ்டிங்குக்கு, கம்பெனிகள் எங்கள் தலையில் டெபிட் நோட் (பணத்தைக் கழிக்கும் சீட்டு) கட்டுவது வழக்கம். இப்போது ஷிப்டு முடிவில் எல்லாப் பலகையையும் போனில் படம் பிடித்து வைக்கிறோம். எந்த மணியில், எந்த லாட்டில், எத்தனை என்று காட்டினால் பேச்சின் தொனியே மாறிவிடுகிறது.

என் அப்பா பஞ்சாலையில் ஸ்பின்னிங் மேஸ்திரி. ஷிப்டு முடியும்போது ஒவ்வொரு ஃபிரேமிலும் எவ்வளவு நூல் நூற்றது என்று காட்டும் ஹேங்க் மீட்டரைப் பார்த்துக் கரும்பலகையில் எழுதுவார்கள் என்று சொல்லியிருக்கிறார். ஆக கோவைக்கு இது அந்நியச் சரக்கு ஒன்றுமில்லை. டொயோட்டாவே கார் கம்பெனி ஆவதற்கு முன்னால் தறிக் கம்பெனிதான். சகிச்சி டொயோடாவின் 1924ஆம் வருஷத்துத் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். அந்த யோசனையின் தொடர்ச்சிதான் அவர்களுடைய கார் லைனில் எரியும் 'ஆண்டான்' என்ற எச்சரிக்கை விளக்கு. லைனில் இருப்பவனே கோளாறைக் கண்டு கயிற்றை இழுக்கிறான், விளக்கு எரிகிறது, உதவிக்கு ஆள் ஓடிவருகிறது. எங்கள் பட்டறையிலும் சிவப்பு எரிந்தால் ஆள் ஓடிவந்தது, திட்டுவதற்கு. விலையோ மென்பொருளோ அல்ல, வித்தியாசம் இது ஒன்றுதான்.

பலகையும் சும்மா நடக்காது. காலை 8.20க்குப் பத்து நிமிஷம் எல்லோரும் நின்றபடி முந்தின நாள் வட்டங்களைப் பார்ப்போம். ஒவ்வொரு வட்டத்துக்கும் யார், எப்போது சரிசெய்வது என்று எழுத வேண்டும். நான் பேசுவதற்கு ஒரு கட்டுப்பாடு: 'ஏன்' என்று கேட்கலாம், 'யாரு' என்று கேட்கக்கூடாது. முதல் மாதம் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்படியும் ஒரு தடவை பலகை செத்துப்போனது. ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் துடைத்து, மிஷினுக்கு வைத்த மாதிரியே பலகைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பூஜை முடிந்து இரண்டு வாரம் பொட்டு அப்படியே இருந்தது, ஒரு எண் விழவில்லை. காரணம் ஆபரேட்டர்கள் இல்லை. நான் ஊருக்குப் போய்விட்டேன், எட்டு இருபது கூட்டம் நடக்கவில்லை. பார்க்க ஆளில்லாத பலகையில் எதற்கு எழுதுவான்?

மத்திய சிறு, குறு தொழில் அமைச்சகத்தின் லீன் திட்டம் (உற்பத்தியில் வீணைக் குறைக்கும் திட்டம்) 2023 மார்ச்சில் புது வடிவில் வந்தது. அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என்று மூன்று படி. உத்யம் என்ற அரசுப் பதிவு உள்ள உற்பத்தி நிறுவனங்கள் சேரலாம், ஆலோசகர் செலவில் 90 சதவீதத்தை அரசு ஏற்கிறது. நல்ல திட்டம், கோவைக்காரர்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்கு வந்த ஆலோசகர் பாதுகாப்பு, தரம், டெலிவரி, செலவு, மனநிலை என்று ஐந்து தலைப்பில் இருபது வரைபடம் கொண்ட ஆளுயரப் பலகையை மாட்டச் சொன்னார். அதை நிரப்ப ஆள் இல்லை. தணிக்கைக்கு முந்தின ராத்திரி ஒரு மாதக் கணக்கையும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் எழுதி முடித்தார்கள். போட்டோ எடுத்தார்கள். சான்றிதழ் வந்தது.

எனவே உங்கள் மூலமாகச் சில கோரிக்கைகள். திட்டத்தை நடத்துவோர் பலகை மாதிரிகளைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் அச்சிட்டுக் கொடுக்கட்டும். பலகையின் போட்டோவைக் கேட்பதைவிட, அந்தப் பலகையைப் பார்த்து எதை மாற்றினீர்கள் என்று கேட்கட்டும். ஐ.டி.ஐ. டர்னர் படிப்பில் மைக்ரோமீட்டரோடு சேர்த்து மணிக்கணக்குப் பலகை எழுதவும் ஒரு நாள் சொல்லித்தரலாம். உங்கள் நிருபரும் அடுத்த முறை இருபது, முப்பது பேர் வேலை செய்யும் ஒரு பட்டறைக்குக் காலை எட்டு மணிக்கு வந்து பார்க்கட்டும். டீ நான் வாங்கித் தருகிறேன்.

டிவியை விற்கவில்லை. பேக்கிங் மேஜைக்கு எதிரே மாட்டியிருக்கிறோம். இன்றைக்குப் போக வேண்டிய சலான் (சரக்கோடு போகும் சீட்டு), வண்டி நேரம், எதில் எத்தனை பீஸ் குறைகிறது என்று மூன்றே பத்தி. டெஸ்பாட்ச் பார்க்கும் பெண் எக்செலில் அடித்துவிடுவார். பெட்டிகளில் ஒன்பதைக் கழற்றிவிட்டேன், வி.எம்.சி. இரண்டிலும் வைத்திருக்கிறேன். ஒரு ஜாப் முக்கால் மணி நேரம் ஓடும், ராத்திரி ஷிப்டில் ஒரே பையன் இரண்டையும் பார்க்கிறான். நின்றால் தலைக்கு மேல் விளக்கு எரிந்து அவனைக் கூப்பிடும். என் போனுக்கு அது வராது. அந்த ஆப்பை அழித்துவிட்டேன்.

இப்படிக்கு,
கடைசல் பட்டறை உரிமையாளர்,
கணபதி, கோயம்புத்தூர்.

(வேலை கொடுக்கும் கம்பெனிக்காரர்களும் உங்கள் நாளிதழைப் படிப்பதால் பெயர் வேண்டாமே.)