சமூகப் பதகளிப்பு உள்ளவர்கள் உதவிக் கொடுப்பனவுகளுக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்க இடமளிக்கக் கோரும் மனு

பாலையூற்று,
திருகோணமலை.
2025.09.15

மாவட்டச் செயலாளர் / அரசாங்க அதிபர்,
மாவட்டச் செயலகம்,
திருகோணமலை.

ஐயா / அம்மணி,

விடயம்: வேலை இழந்த நிலையில் அஸ்வெசும (வறிய குடும்பங்களுக்கான அரசாங்க உதவிக் கொடுப்பனவு) மற்றும் மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுகளுக்கு விண்ணப்பிக்கும்போது உளநோய் காரணமாக ஏற்படும் தடைகளை நீக்கித் தருதல்

நான் பாலையூற்றில் தாயாருடன் வசிக்கும் திருமணமாகாத பெண். வயது 34. உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் சித்தியடைந்து, ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பகுதியில் ஒன்பது வருடம் வேலை செய்தேன். நிறுவனம் இங்குள்ள கிளையை மூடியதோடு வேலை போனது. இப்போது வீட்டிலிருந்தபடி இரண்டு கடைகளுக்கு மாதக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். அதில் வருவது மின்சாரக் கட்டணத்துக்கும் அம்மாவின் பிரஷர் மருந்துக்கும் சரி. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்டிசம் போடுகிறவர்களுக்கு நம்மூரில் பஞ்சமில்லை. நாளைக்கு வேறு யாராவது சொல்லித் தாங்கள் அறியும்படி ஆகக்கூடாது.

எனக்குச் சமூகப் பதகளிப்பு நோய் உண்டு. உளநலக் கிளினிக்கில் தொடர்ந்து மருந்து எடுக்கிறேன். வைத்தியர் தந்த கடிதத்தில் நோயின் பெயரோடு எஃப்40.1 என்ற குறியீடும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய் வகைப்பாட்டில் இந்த நோய்க்குரிய இலக்கம் அது. சொந்தக்காரர்கள் இதைக் கூச்ச சுபாவம் என்கிறார்கள், கலியாணம் கட்டினால் சரியாகிவிடும் என்கிறார்கள். கூச்சம் உள்ளவர் கூச்சத்தோடேயே காரியத்தை முடித்துவிட்டு வீட்டுக்கு வருவார். எனக்கு அப்படியில்லை. நாலு பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததுமே நெஞ்சு அடிக்கும், உள்ளங்கை வியர்க்கும், கை நடுங்கும். கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தும் தொண்டையை விட்டு வெளியே வராது. இலக்கங்களோடு இருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை. அதனால்தான் கணக்குப் பகுதியில் ஒன்பது வருடம் தாக்குப்பிடித்தேன். எனது மேசை மூலையில் இருந்தது. வாடிக்கையாளர் முன்னால் போய் நிற்கும் தேவை இருக்கவில்லை.

நம் நாட்டில் வேலை இழந்தவருக்கென்று மாதக் கொடுப்பனவு எதுவும் இல்லை. இருப்பவற்றைத்தான் ஒட்டுப்போட்டுக்கொள்ள வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்தில், அதாவது ஈ.டி.எஃப்.இல் சேர்ந்த பணத்தை வேலை நீங்கிய பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை எடுக்கலாம். எடுத்தேன், கூரை திருத்தத்தோடு முடிந்தது. ஊழியர் சேமலாப நிதியில் என் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் முதலாளி பக்கத்திலிருந்து 12 சதவீதமும் ஒன்பது வருடமாகச் சேர்ந்திருக்கிறது. ஆனால் பெண்ணுக்கு 50 வயது ஆகும்வரை அதைத் தொட முடியாது. இடையில் எடுக்கச் சில வழிகள் உண்டு. கலியாணத்துக்காக வேலையை விடும் பெண் எடுக்கலாம். நோயால் வேலை செய்ய முடியாதவர் எடுப்பதானால் அந்த இயலாமை நிரந்தரமானது, முழுமையானது என்று வைத்தியர் அத்தாட்சிப்படுத்த வேண்டும். என்னுடைய வருத்தம் நிரந்தரமும் இல்லை, முழுமையும் இல்லை. மருந்தும் உளவளத்துணையும் கிடைத்தால் தேறக்கூடிய வருத்தம் என்று வைத்தியரே சொல்கிறார். ஆக, கலியாணம் கட்டினால் சரியாகும் என்று சொந்தக்காரர்கள் சொன்னது வருத்தத்துக்குப் பொருந்தாவிட்டாலும் சேமலாப நிதிக்குப் பொருந்துகிறது.

மிச்சமிருப்பவை அஸ்வெசுமவும் மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவும்தான். 2025ஆம் ஆண்டு அதிகரிப்பின் பின்னர் அஸ்வெசுமவில் மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 17,500 ரூபாவும் வறிய குடும்பத்துக்கு 10,000 ரூபாவும், தகுதி பெறும் மாற்றுத்திறனாளிக்கு 10,000 ரூபாவும் கிடைக்கிறது. எனக்கு இவை கிடைத்தே ஆக வேண்டும் என்று நான் இந்த மனுவில் வாதாடவில்லை. தகுதி இருக்கிறதா இல்லையா என்பதை உத்தியோகத்தர்கள் பார்க்கட்டும். அவர்கள் பார்க்கும் இடத்துக்கு என்னால் போய்ச் சேர முடியவில்லை என்பதே எனது முறைப்பாடு.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எந்த அலுவலகம், எந்த உத்தியோகத்தர் என்று எழுத மாட்டேன். ஒருவரைத் தண்டிப்பது என் நோக்கமல்ல.

படிவத்தை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு போனேன். துண்டு இலக்கம் எடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றேன். கதிரைகள் எல்லாம் நிறைந்திருந்தன. என் முறை வந்ததும் கருமபீடத்தில் இருந்தவர் படிவத்தைப் புரட்டிவிட்டு, தனக்கு முன்னால் ஒப்பமிடச் சொன்னார். பேனையைப் பிடித்த கை ஆட ஆரம்பித்தது. முதல் எழுத்து கோட்டுக்கு மேலே ஏறி, மற்ற எழுத்துகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு விழுந்தன. அவர் அடையாள அட்டைப் பிரதியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "கையெழுத்து மாறி இருக்கே. இன்னொருக்கா வைங்க பாப்பம்" என்றார். இரண்டாவது முதலாவதை விட மோசம். பின்னால் நின்றவர் "கெதியா" என்றார். உத்தியோகத்தர் கோபப்படவில்லை, உள்ளதைச் சொன்னார்: ஒப்பம் ஒத்துவராத படிவத்தை அவரால் ஏற்க முடியாது, நாளைக்குக் கணக்காய்வில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். இலங்கையில் அரசாங்க வேலை செய்யும் எவரும் அதைத்தான் செய்வார். சமையலறை மேசையில் வைத்து நான் இடும் ஒப்பம் அடையாள அட்டையில் உள்ளதோடு அப்படியே ஒத்துப்போகும். ஆட்களுக்கு முன்னால் வைத்து இடச் சொன்னால்தான் அது வேறு ஒருவருடைய ஒப்பமாகிவிடுகிறது. இதற்கு என்னிடம் வைத்தியர் கடிதம் இருந்தது. அதைக் காட்டினேன்.

காட்டியிருக்க வேண்டியதில்லை என்று பிறகு தோன்றியது. கடிதத்தை வாங்கியவர் பக்கத்து மேசையில் இருந்தவரிடம், இருந்த இடத்திலிருந்தே, "இது மனநோய்க் கேஸ், மாற்றுத்திறனாளி லிஸ்ட்டில வருமா?" என்று கேட்டார். அவரிடம் கெட்ட எண்ணம் இல்லை. சட்டம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆனால் வரிசையில் எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்த ஒரு மாமியும் நின்றார். நான் பஸ் எடுத்து வீட்டுக்கு வருவதற்கு முன்பே அம்மாவிடம் யாரோ விசாரித்துவிட்டார்கள். அம்மா அன்று என்னோடு பேசவில்லை. பக்கத்து மேசையில் இருந்தவர் என்னை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "கை கால் எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்று சொன்னதும் அந்தச் செய்தியோடு சேர்ந்தே அம்மாவிடம் போயிருந்தது.

அஸ்வெசும விடயத்திலும் இதே மாதிரித்தான். அந்த மதிப்பீடு கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்பத்தின் ஆட்தொகை நிலை என்ற ஆறு பிரிவுகளில் 22 குறிகாட்டிகளைப் பார்க்கிறது. சுகாதாரம் அதில் ஒரு பிரிவு என்பதைக் கவனிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தகவல் எடுக்க வந்தவர் முன்னறையில் இருந்தார், நான் குசினியில் நின்றேன், வெளியே வரவில்லை. அம்மா பதில் சொன்னார். எனக்கு வருத்தம் எதுவும் இல்லை என்றார். மகளுக்கு மனநோய் என்று வெளியாளிடம் எந்தத் தாய் சொல்லுவாள்? உயர்தரம் படித்த, உழைக்கும் வயதிலுள்ள, ஆரோக்கியமான ஒருவர் வீட்டில் இருப்பதாகவே பதிவாகியிருக்கும். பிறகு மேன்முறையீடு செய்தேன். அதை விசாரிப்பதற்காக, எனக்குத் தெரியாத ஒரு இலக்கத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. தொலைபேசி அடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்பதுதான் உண்மை. குறுஞ்செய்தி வந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முழு விபரத்தையும் அனுப்பியிருப்பேன்.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் உடல் திறனோடு உளத் திறனையும் சேர்த்தே பேசுகிறது. திறனில் உள்ள குறைபாட்டால் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தானே நிறைவேற்றிக்கொள்ள முடியாதவர் அச்சட்டத்தின்படி மாற்றுத்திறனாளி. "பகுதியாகவோ" என்று இருப்பதால் சேமலாப நிதியில் எனக்கு மூடிய வாசல் இங்கே மூடவில்லை. இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்திய ஐக்கிய நாடுகள் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயமும் முதலாவது உறுப்புரையிலேயே நீண்டகால உளக் குறைபாட்டைச் சேர்த்திருக்கிறது. எனவே பக்கத்து மேசைக்குக் கேட்கப்பட்ட கேள்விக்குப் பதில் "வரும்" என்பதே. எந்த அளவு பாதிப்பு என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். கை காலைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது.

லண்டனில் இருக்கும் சித்தியின் மகள் அங்குள்ள முறையைச் சொன்னாள். வேலை இல்லாதவர் யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசாங்க உதவிப்பணம் கேட்டால் வேலைப் பயிற்றுநர் ஒருவரைச் சந்தித்து, வேலை தேடுவதாக உடன்பாடு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கேட்டதும் எனக்கு இங்கேயே வியர்த்தது. ஆனால் வைத்தியர் கடிதம் கொடுத்தால் அந்த நிபந்தனைகள் தளர்த்தப்படலாம் என்றும், 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின்படி சேவை கொடுக்கும் அலுவலகம் தன் நடைமுறையை நியாயமான அளவுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாள். அங்கேயும் எல்லாம் சுகமாக நடப்பதில்லை என்றும் அவளே சொன்னாள். காசு இருக்கிற நாட்டோடு நம்மை ஒப்பிடுவதற்காக இதை எழுதவில்லை. நடைமுறையை மாற்றுவதற்குக் காசு தேவைப்படாது.

சேமலாப நிதிச் சட்டத்தையும் அஸ்வெசும குறிகாட்டிகளையும் மாற்றுவது கொழும்பில் நடக்க வேண்டிய வேலை. அவற்றைத் தங்களிடம் கேட்டுத் தங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். மாவட்டத்திலுள்ள 11 பிரதேச செயலகங்களுக்கும் தங்கள் கையொப்பத்தோடு ஒரு கடிதம் போனால் தீரக்கூடியவற்றை மட்டும் கேட்கிறேன்.

முதலாவது ஒப்பம். உளநோய் இருப்பதாக அரசாங்க வைத்தியசாலைக் கடிதம் வைத்திருப்பவர் வீட்டிலேயே ஒப்பமிட்டு, கிராம உத்தியோகத்தரிடமோ சமாதான நீதவானிடமோ உறுதிப்படுத்திக் கொடுத்தால் அதை ஏற்றுக்கொள்ளச் சொல்ல வேண்டும். எங்கள் கிராம உத்தியோகத்தருக்கு என்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும். அவர் முன்னால் என் கை இவ்வளவு ஆடாது. கணக்காய்வுக்குப் பயப்படும் உத்தியோகத்தருக்கும் இது பாதுகாப்பு: தங்கள் கடிதத்தின் இலக்கத்தைக் கோவையில் எழுதிவிட்டு அவர் நிம்மதியாக இருக்கலாம்.

அடுத்தது, வைத்தியச் சான்றில் உள்ள நோயின் பெயரைக் கருமபீடத்தில் வாசிக்கக் கூடாது. மூடிய உறையில் வாங்கி, விளக்கம் தேவைப்பட்டால் சமூக சேவை உத்தியோகத்தரின் மேசைக்கோ அறைக்கோ அழைத்துக் கேட்கட்டும். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். இப்படியான விண்ணப்பங்கள் முதலில் அவர்கள் கையில் போனால் பாதிப் பிரச்சினை குறையும். நேரம் குறித்துக் கொடுத்தால், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் கலைந்த நேரமானாலும், நான் வந்து நிற்பேன். கூட ஒருவரை அழைத்து வரவும் அவர் எனக்காகப் பேசவும் அனுமதி வேண்டும். விசாரணைகளை, விண்ணப்பதாரர் அப்படிக் கேட்டிருந்தால், குறுஞ்செய்தியிலோ தபாலிலோ நடத்த வேண்டும். அழைப்பை எடுக்காதவரைத் தொடர்புகொள்ள முடியாதவர் என்று கோவையை மூடக் கூடாது.

என் குடும்பத்தின் அஸ்வெசும மேன்முறையீட்டையும் வைத்தியர் கடிதத்தைச் சேர்த்து மீண்டும் பார்க்கும்படி உரிய பிரிவுக்குப் பணிக்குமாறு வேண்டுகிறேன். அம்மா சொன்ன பதிலுக்கு அம்மாவைக் குறை பிடிக்க வேண்டாம்.

வேலை பற்றியும் ஒரு வார்த்தை. மனிதவலுப் பிரிவில் பெயர் பதியலாம், தொழிற்சந்தைக்குப் போகலாம் என்று சொல்லுகிறார்கள். மண்டபம் நிறைய மேசைகள், ஒவ்வொரு மேசைக்கும் போய்த் தன்னைத்தானே அறிமுகப்படுத்த வேண்டும். கால் உடைந்தவரை ஓட்டப் போட்டிக்குக் கூப்பிடுவது போன்றது அது. அரசாங்க வேலைகளில் 3 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று 1988இலேயே 27/88 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை சொல்லியிருக்கிறது. கணக்குப் பதிவு, தரவு உள்ளீடு போன்ற வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் பதிலாக எழுத்துப் பரீட்சையோ செய்முறைப் பரீட்சையோ வைக்க வழியிருந்தால், தற்காலிக அடிப்படையில் என்றாலும், என் பெயரையும் சேர்த்துக்கொள்ளவும். எக்ஸெல்லும் கணக்கு மென்பொருளும் நன்றாகத் தெரியும், வங்கிக் கணக்கு இணக்கக் கூற்றுத் தயாரிப்பேன், மாத முடிவில் ஒரு ரூபா பிசகினாலும் கண்டுபிடிக்காமல் எழும்ப மாட்டேன்.

எனது பெயர், அடையாள அட்டை இலக்கம், குடும்பப் பதிவு இலக்கம், வைத்தியர் கடிதத்தின் பிரதி, மேன்முறையீட்டுப் பற்றுச்சீட்டின் பிரதி ஆகியவற்றைத் தங்கள் பார்வைக்கு மட்டும் எனக் குறித்துத் தனி உறையில் இணைத்துள்ளேன். இந்த மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையைத் தபாலிலோ குறுஞ்செய்தியிலோ அறியத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். என்னை நேரில் விசாரிக்க வேண்டுமென்றால் திகதியையும் நேரத்தையும், யார் விசாரிப்பார், அறையில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதையும் முன்கூட்டி எழுதி அனுப்பினால் போதும், வருவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம் கிராம உத்தியோகத்தரால் உறுதிப்படுத்தப்பட்டது)