கோமதிக்கு, குடியம் காட்டுக்குப் போய் வந்த செய்தி

பெரம்பூர், சென்னை
தை மாதம், ஞாயிறு மாலை

அன்புள்ள கோமதிக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். மூட்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கைத்தடி இல்லாமலே மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. பேத்தியின் காதுகுத்து விழாவுக்கு நான் வராததை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தாலும் எனக்கு அந்தக் குறை இருக்கத்தான் செய்கிறது. பாளையங்கோட்டைக்கு ஒரு நடை வந்து அதைத் தீர்ப்பேன். இன்று எழுத உட்கார்ந்தது வேறொரு செய்தியைச் சொல்வதற்காக. கோமதி, நாம் பாடத்தில் சொல்லிக்கொடுத்த, பூண்டிக்கு அப்பால் உள்ள குடியம் குகையை நான் பார்த்துவிட்டேன்.

ஆறாம் வகுப்பில் பழைய கற்காலப் பாடம் நடத்தும்போதெல்லாம் நீ கரும்பலகையில் ஓர் இலையைப் போல, மேலே கூர்மையும் கீழே உருட்சியுமாகக் கையில் பிடித்து வெட்டும் கற்கருவியான கைக்கோடரியை வரைவாயே, அந்தப் படம் எனக்கு இப்போதும் கண்முன் நிற்கிறது. ஒரு வருடம் பிள்ளைகளைப் பூண்டிக்கு அழைத்துச் செல்ல நீ எத்தனை விண்ணப்பம் எழுதினாய்! பேருந்துக்குப் பணம் வசூலித்து, எலுமிச்சைச் சாதத்துக்குச் சொல்லிவைத்து, எல்லாம் முடிந்த பிறகு முதல் நாள் இரவு கொட்டிய மழையில் பயணம் நின்றது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, "டீச்சர், அந்தக் கல்லெல்லாம் அங்கேயே இருக்குமா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். "இத்தனை காலம் இருந்த கல், இன்னும் ஒரு வருஷம் இருக்காதா?" என்று நீ சொன்னாய். அடுத்த வருடம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நீயும் நானும் பணிக்காலம் முழுவதும் கற்கருவிகள் கிடைத்த இடங்கள் அத்திரம்பாக்கம், குடியம் என்று இரண்டு பெயர்களை மனப்பாடம் செய்யச் சொல்லியே ஓய்வு பெற்றுவிட்டோம். வீட்டிலிருந்து மின்சார ரயிலில் புறப்பட்டால் காலைச் சிற்றுண்டி வேளைக்குள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பதை நினைக்கும்போது இப்போது வருத்தமாக இருக்கிறது.

நாங்கள் ஆறு பேர் போனோம். தமிழம்மா, கணக்கு டீச்சர், அவருடைய கணவர், பூகோள ஆசிரியர், உடற்கல்வி ஆசிரியர், நான். எல்லோரையும் உனக்குத் தெரியும். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து, வனத்துறையின் இணையதளத்தில் முன்பதிவு செய்துகொள்ளும் முறையைக் கொண்டுவந்தது அல்லவா, அதில் திருவள்ளூர் மாவட்டத்துக்குக் கிடைத்த பாதை இந்தக் குடியம்தான். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தின் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கும் மேல் இறந்ததை நாம் தொலைக்காட்சியில் பார்த்துக் கலங்கினோமே, அவர்களில் பலர் சென்னையிலிருந்து போன இளம் பெண்கள். அதனால்தான் என் மகன் முதலில் வேண்டவே வேண்டாம் என்றான். வழிகாட்டி உடன் வருவார், போகும் நேரமும் திரும்பும் நேரமும் பதிவாகும், கோடையில் காடு மூடப்படும் என்றெல்லாம் விளக்கிய பிறகே சம்மதித்தான். அவன் பயந்ததில் நியாயம் இருக்கிறது. காட்டுக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பயம் கொஞ்சம் இருப்பதே நல்லது.

திருவள்ளூரில் இறங்கி வேன் பிடித்துப் பூண்டியைக் கடந்தோம். மழைக்காலம் முடிந்து ஏரி நிறைந்து கிடந்தது. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடித்த இந்த நீர்த்தேக்கத்துக்கு, அந்தப் பணியைத் தொடங்கிவைத்த சென்னை மேயர் சத்தியமூர்த்தியின் பெயர் வைத்திருப்பது உனக்கு நினைவிருக்கும். அந்தக் கரையில் நின்றபோது, நம் சமையலறைக் குழாயில் வரும் தண்ணீருக்கு ஒரு முகம் கிடைத்தது போல இருந்தது.

குடியம் கிராமத்துக்கு அப்பால் சாலை முடிந்து காடு தொடங்குகிறது. வழிகாட்டியாக வந்த இளைஞர் அந்தப் பக்கத்து இருளர் குடும்பத்தைச் சேர்ந்தவர். மெலிந்த உடம்பு, குறைந்த பேச்சு. காடு என்றதும் நம் மனத்தில் ஓங்கிய மரங்களும் இருட்டும்தான் தோன்றும். இது அப்படிப்பட்ட காடு அன்று. தலைக்கு மேல் ஒன்றிரண்டு முழம் மட்டுமே உயர்ந்த புதர்க்காடு: களா, காரை, விராலி, வெப்பாலை, இடையிடையே உசிலை. முல்லைத் திணையைப் பாடம் நடத்தியே தலை நரைத்த தமிழம்மா குருந்த மரத்தை அன்றுதான் முதன்முதலாகத் தொட்டுப் பார்த்தார். வழிகாட்டி அதன் இலை ஒன்றைக் கிள்ளிக் கசக்கி நீட்டினார், எலுமிச்சை வாசனை. "இது காட்டெலுமிச்சைங்கம்மா" என்றார். அந்த இலையைக் கையில் வைத்துக்கொண்டு தமிழம்மா வெகுநேரம் பேசாமல் நடந்து வந்தார்.

நடப்பது எளிதன்று, கோமதி. தரை முழுவதும் கூழாங்கல். ஆற்றங்கரையில் கிடப்பதைப் போல வழவழப்பாக, முட்டை அளவிலிருந்து தேங்காய் அளவு வரை, பழுப்பும் செம்மையும் வெண்மையுமாக, நீரே இல்லாத குன்றின் மேல் அவை பரவிக் கிடக்கின்றன. காலை வைத்தால் உருளும். உன் மூட்டை எண்ணிக்கொண்டே நான் ஒவ்வோர் அடியையும் வைத்தேன். பூகோள ஆசிரியர் விளக்கினார்: பல கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெள்ளங்கள் உருட்டிக்கொண்டு வந்து குவித்த கற்கள் இறுகிப் பாறையாகி, அந்தப் பாறை மழையிலும் வெயிலிலும் கரையக் கரைய, உள்ளே இருந்த கற்கள் மறுபடியும் வெளியே உதிர்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை குவார்ட்சைட் என்னும் உறுதியான கல். கைக்கோடரி செய்ய வந்தவர்களுக்கு இந்தக் குன்றுதான் சரக்குக் கிடங்கு. கருவியின் வடிவத்தை மட்டும் கற்பித்த நான், அதைச் செய்தவர்கள் கல்லுக்கு எங்கே போனார்கள் என்று ஒருநாளும் என்னையே கேட்டுக்கொண்டதில்லை.

பாதி வழியில்தான் ஒரு தவறு நடந்தது. ஆறுமணிக்குருவியின் குரல் கேட்டது. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்களே, இமயத்தின் அடிவாரக் காடுகளில் கூடு கட்டிவிட்டுக் குளிர்காலத்தில் நம் பக்கம் வரும் பறவை, அதுதான். கணக்கு டீச்சருக்கு அதைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. நானும் அவரும் இருபதடி உள்ளே போனோம். பறவை தரையில் சருகைக் கிளறிக்கொண்டிருந்தது. பச்சை முதுகும், வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்புமாக ஒரு கணம் தெரிந்து மறைந்தது. திரும்பிப் பார்த்தால் பாதையைக் காணோம். அதாவது, நான்கு பாதைகள் இருந்தன, நான்கும் ஒன்றுபோலவே இருந்தன. தடம் தெளிவாகத் தெரிந்த ஒன்றில் நடந்தோம். சிறிது தூரத்தில் அது குனிந்தால் மட்டுமே நுழையக்கூடிய புதருக்குள் போய்விட்டது. சூரை முள் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. அந்த முள் நேராக இராது. பூனை நகம்போல வளைந்திருக்கும். முன்னால் இழுத்தால் இன்னும் ஆழமாகப் பதியும். வந்த வழியே பின்னுக்குத் தளர்த்தினால்தான் விடும். அதை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு நின்ற அந்தச் சில நிமிடங்களில் காட்டின் அமைதி என் காதில் இரைந்தது. கைப்பேசியில் சிக்னல் இல்லை. எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. கணக்கு டீச்சர்தான், நகராமல் இங்கேயே நிற்போம், அவர்கள் நம்மைத் தேடி வருவது எளிது என்று உறுதியாகச் சொன்னார். உடற்கல்வி ஆசிரியரின் விசில் கேட்டதும் பதிலுக்குக் கை தட்டினோம். கால் மணி நேரத்துக்குள் வழிகாட்டி எங்கள் முன்னால் நின்றார். கோபப்படவில்லை. தரையைக் காட்டி, "இது மாட்டுத் தடம்மா. மாடு புதருக்கு அடியில நுழையும். ஆள் நடக்கிற தடத்துல மேலயும் கிளை ஒடிஞ்சிருக்கும்" என்றார். அண்ணாந்து பார்த்தேன், அவர் சொன்னது கண்கூடாகத் தெரிந்தது. அதன் பிறகு நான் அவர் காலடிக்குப் பின்னாலேயே நடந்தேன்.

குகை என்று பெயரே தவிர, அது மலை தன் நெற்றியை முன்னுக்கு நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பெரிய பாறை நிழல். அண்ணாந்து பார்த்தால், உருண்டைக் கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் நெருக்கமாகப் பதித்துக் கூரை போட்டதுபோல இருக்கிறது. நான் வழி முழுவதும் மிதித்துக்கொண்டு வந்த அதே கற்கள், இன்னும் உதிராமல், தலைக்கு மேல் தொங்குகின்றன. அவற்றிடையே பெருந்தேனீக்களின் அடைகள் கறுத்துத் தொங்கின. சத்தம் போடக் கூடாது, புகை கூடாது, வாசனைத் தைலம் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஓரத்தில் ஊரார் வழிபடும் அம்மனுக்கு மஞ்சளும் குங்குமமும் சாத்தியிருந்தது. 1960-களில் இந்திய தொல்லியல் துறை இங்கே அகழாய்வு செய்து கற்கருவிகளை எடுத்தது. வெளியே வெயில் அடித்தும் உள்ளே குளிர்ந்தே இருந்தது. நாங்கள் ஆறு பேரும் சமமான இடம் பார்த்து உட்கார்ந்து, பாறையில் முதுகைச் சாய்த்தோம். மழைக்கு ஒதுங்கிய யாராக இருந்தாலும் இந்த இடத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள் என்று தோன்றியது.

இறங்கும்போது பூகோள ஆசிரியர் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். உள்ளங்கை அளவு, ஒரு பக்கம் கூழாங்கல்லின் பழைய தோல், மறுபக்கம் தட்டிப் பெயர்த்த வழவழப்பு, விளிம்பு இன்னும் விரலை உறுத்தும் கூர்மை. மனிதர் கை பட்ட கல்லா, தானாகப் பிளந்ததா என்று எங்களால் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போக அவர் ஆசைப்பட்டார். வழிகாட்டி மென்மையாக, ஆனால் விடாமல், அதைக் கிடந்த இடத்திலேயே வைக்கச் சொன்னார். ஒரு கல்தானே, ஆயிரக்கணக்கில் கிடக்கின்றனவே என்று அவர் வாதாடினார். அப்போது நான் குறுக்கிட்டேன், கோமதி. அத்திரம்பாக்கத்தில் 1863-இலேயே புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்துவிட்டார். ஆனால் அவற்றின் வயதைச் சொல்ல ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. தொல்லியல் ஆய்வாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே ஆண்டுக்கணக்கில் தோண்டி, மண்ணடுக்கில் கிடந்தபடியே கருவிகளை ஆராய்ந்ததால்தான், அங்குள்ள மிகப் பழைய கைக்கோடரிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் அறிவிக்க முடிந்தது. கைக்கோடரிக் காலத்துக்கு அடுத்த கட்டமான இடைப் பழைய கற்காலத் தொழில்நுட்பம் அங்கே 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018-இல் சொல்ல முடிந்தது. கிடந்த இடத்தை விட்டு எடுத்த கல் அலமாரியில் அழகாக இருக்கும். எப்போது, யாரோடு, எதற்குக் கீழே இருந்தோம் என்று அது சொல்லாது. இதையெல்லாம் நான் வகுப்பில் பேசுவதுபோலவே பேசிவிட்டேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கல்லை அதே பள்ளத்தில், அதே பக்கம் மேலாக இருக்கும்படி வைத்தார். திரும்பும் வழியெல்லாம் அவர் முகம் வாடித்தான் இருந்தது. அது எனக்கும் வருத்தமே. ஆனாலும் நான் சொன்னது சரி என்றே இன்னும் எண்ணுகிறேன்.

மாலையில் பூண்டி அருங்காட்சியகத்துக்குப் போனோம். கண்ணாடிப் பேழைக்குள் ஒரு கைக்கோடரி. நீ கரும்பலகையில் வரைந்த அதே இலை வடிவம். படத்தில் இல்லாத ஒன்று அதில் இருந்தது: கனம். பார்த்தாலே கை தாழும் கனம். அத்திரம்பாக்கத்தில் இவற்றைச் செய்தவர்களின் எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவர்கள் எந்த மனித இனம் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அடிப்பகுதியில் உள்ளங்கைக்கு விட்டிருந்த உருட்சியைப் பார்த்தால், பிடிப்பவரின் கை நோகக் கூடாது என்று செய்தவர் எண்ணியிருப்பார் என்றே எனக்குப் பட்டது.

அங்கேயே நின்று, பேழைக்கு வெளியிலிருந்து அளவு பார்த்து, ஒரு தாளில் அதை வரைந்தேன். இத்துடன் மடித்து வைத்திருக்கிறேன். படம் உன்னுடையதைப் போல வராது. அளவு மட்டும் ஏறத்தாழச் சரி. உன் கையை அதன்மேல் வைத்துப் பார்.

பிப்ரவரி நடுவில் தீக்காலத்துக்காகப் பாதையை மூடிவிடுவார்கள். அதற்குள் வருவது உன் மூட்டுக்கு ஆகாது. மழை ஓய்ந்து மார்கழியில் வா. மருத்துவரிடம் இப்போதே கேட்டு வை. கூழாங்கல் தரை என்பதை மறக்காமல் சொல். குகை வரை நடக்க முடியாவிட்டால் காட்டின் விளிம்பு வரையாவது போவோம், அங்கேயே கற்கள் தொடங்கிவிடுகின்றன. கல்லெல்லாம் அங்கேயே இருக்குமா என்று கேட்ட அந்தச் சிறுமிக்கு இப்போது நாற்பது வயது இருக்கும், வில்லிவாக்கத்தில் இருப்பதாகக் கேள்வி. விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் அவளையும் அழைத்துக்கொள்வோம்.

உன் அன்புத் தோழி,
வசந்தா