மேக்னெட் பள்ளி என்றால் மதிப்பெண் பள்ளி அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க நகரங்களில் உள்ள ‘மேக்னெட்’ அரசுப் பள்ளிகளை, முதல் தர மாணவர்களுக்காகவே தொடங்கப்பட்டவை என்று தங்கள் கல்விப் பக்கக் கட்டுரை சொல்லியிருந்தது. அங்கே குடியேறிய நம் குடும்பங்களிலும் பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். அந்தப் பள்ளிகள் பிறந்த காரணம் வேறு.

இனம் பார்த்துப் பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளிகளில் வைப்பது சட்டவிரோதம் என்று 1954-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆனாலும் கறுப்பர் குடியிருப்பும் வெள்ளையர் குடியிருப்பும் பிரிந்தே இருந்ததால், வீட்டுக்கு அருகில் இருந்த பள்ளிகளும் பிரிந்தே இருந்தன. பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி வேறு பகுதிப் பள்ளிக்கு அனுப்ப நீதிமன்றங்கள் உத்தரவிடலாம் என்று 1971-இல் தீர்ப்பு வந்தபோது பல ஊர்களில் பெற்றோர் கொந்தளித்தார்கள். கட்டாயம் இல்லாமல், பாடத்திட்டத்தின் கவர்ச்சியாலேயே எல்லா இனத்தவரையும் ஒரே பள்ளிக்கு வரவைக்கும் வழி ஒன்று தேவைப்பட்டது. அந்தத் தீர்ப்புக்கு முன்பே, 1968-இல், வாஷிங்டன் மாநிலம் டகோமாவில் மெக்கார்வர் தொடக்கப் பள்ளி அதை முதலில் செய்து பார்த்திருந்தது. ‘மேக்னெட்’, அதாவது ‘காந்தம்’, என்ற பெயர் பின்னர் வந்தது.

சிகாகோவின் விட்னி யங் மேக்னெட் உயர்நிலைப் பள்ளி 1975-இல் திறக்கப்பட்டது. கறுப்பர் உரிமைத் தலைவர் ஒருவரின் பெயரைத் தாங்கியது. மிச்செல் ஒபாமா 1981-இல் இங்கே படித்து முடித்தவர். நகரின் தென்பகுதியான சவுத் ஷோரிலிருந்து பேருந்து மாறி வர அவருக்கு ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரம் வரை பிடித்தது. இன்றும் இப்பள்ளிகளின் மாணவர் வாழ்க்கையைப் பெரும்பாலும் இந்தத் தூரமே தீர்மானிக்கிறது. உற்ற தோழியின் வீடு நகரின் மறுகோடியில் இருக்கும். மாலையில் விவாதக் குழுவிலோ விளையாட்டு அணியிலோ சேர்வது, திரும்பிப் போக வண்டி இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

பெயரில் ‘மேக்னெட்’ இருந்தாலும் விட்னி யங்குக்கு நுழைவுத் தேர்வு உண்டு. சிகாகோவின் மேக்னெட் தொடக்கப் பள்ளிகளிலோ தேர்வே கிடையாது, கணினிக் குலுக்கல்தான். அண்ணனோ அக்காவோ அங்கே படித்தால் முன்னுரிமை, அருகில் வசிப்போருக்கும் ஒரு பங்கு. பெற்றோர் குழம்புவது இந்த இரண்டு வாசல்களைக் கலந்துகொள்வதால்தான்.

தேர்வு வழிச் சேர்க்கைக்கு மொத்தம் 900 புள்ளிகள். நுழைவுத் தேர்வுக்கு 450, ஏழாம் வகுப்பில் மொழி, கணிதம், அறிவியல், சமூகவியல் ஆகிய நான்கு பாடத் தரங்களுக்கு 450. ஒரு ‘ஏ’ 112.5 புள்ளி, ‘பி’ 75. ஒரே பாடத்தில் தரம் இறங்கினாலும் 37.5 புள்ளி போய்விடும். எட்டாம் வகுப்பில் விழித்துக்கொண்டு பயிற்சி வகுப்புக்கு ஓடுபவர்களுக்கு அந்தப் புள்ளிகள் திரும்பக் கிடைக்காது. இன்னொன்று: நகர எல்லைக்குள் வசிக்க வேண்டும். நேபர்வில் போன்ற புறநகரில் இருப்போருக்கு இடமில்லை.

தனி மாணவரின் இனத்தை வைத்து இடம் ஒதுக்கக் கூடாது என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, சிகாகோ குடியிருப்புப் பகுதிகளை நான்கு அடுக்குகளாகப் பிரித்தது. குடும்ப வருமானம், பெரியவர்களின் படிப்பு, சொந்த வீடு வைத்திருப்போர் விகிதம், வீட்டில் பேசும் மொழி போன்றவை கணக்கில் வரும். 30 சதவீத இடங்கள் புள்ளிகளை மட்டும் பார்த்து நிரப்பப்படும். மீதி 70 சதவீதம் நான்கு அடுக்குகளுக்கும் சமமாகப் பிரியும். அதனால் ஒரே புள்ளி பெற்ற இருவரில் ஒருவர் உள்ளே, மற்றவர் வெளியே என்று நடக்கும். இதை அநீதி என்று சொல்பவர்கள், பள்ளி எதற்காகத் தொடங்கப்பட்டது என்பதை மறந்துவிடுகிறார்கள் என்பது எங்கள் கருத்து.

எங்களை உறுத்துவது வேறொன்று. 2023-இல், ஓட்டுநர் பற்றாக்குறையைக் காரணம் காட்டி, மேக்னெட் மாணவர்களில் பெரும்பாலோருக்குப் பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு நகரப் போக்குவரத்து அட்டையைக் கையில் கொடுத்தது சிகாகோ நிர்வாகம். ஏழு வயதுக் குழந்தை தனியாக ரயில் ஏற முடியுமா? கார் இருப்பவரும், காலையில் வேலைக்கு ஓட வேண்டாதவரும் சமாளிப்பார்கள். மற்றவர்கள் மறுபடி பக்கத்துத் தெருப் பள்ளிக்கே திரும்புவார்கள். அடுத்த முறை இப்பள்ளிகளைப் பற்றி எழுதும்போது தேர்ச்சி விகிதத்தோடு பேருந்து வருகிறதா என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர், சிகாகோ