சுவரில் வரைந்தவருக்கும் உரிமை உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தெருக்கலை பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு காலத்தில் போலீசுக்குப் பயந்து இருட்டில் வரைந்தவர்களின் கலை இன்று ஏலத்தில் கோடிகளுக்குப் போகிறது என்று கட்டுரையாளர் மகிழ்ந்திருக்கிறார். தெரு ஓவியங்களால் பெயர்பெற்ற பேங்க்ஸி என்ற கலைஞரின் படம் ஒன்று 2021-இல் லண்டனில் 1.85 கோடி பவுண்டுக்கு மேல் விலைபோனது உண்மைதான். ஆனால் அது ஃபிரேம் போட்ட கேன்வாஸ். தெருச்சுவரில் வரைந்தவருக்கு என்ன மரியாதை கிடைக்கிறது என்று கட்டுரையில் தேடினேன், கிடைக்கவில்லை.

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் 'ஃபைவ் பாயின்ட்ஸ்' என்ற பழைய தொழிற்சாலைக் கட்டடம் இருந்தது. உரிமையாளரின் சம்மதத்தோடு பல நாட்டுக் கலைஞர்கள் வந்து வரைந்த இடம். ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகவே பார்த்து ரசிப்பார்கள். அடுக்குமாடி கட்ட முடிவானதும், 2013 நவம்பரில் இரவோடு இரவாக வெள்ளையடித்துவிட்டார்கள். கலைஞர்கள் வழக்குப் போட்டார்கள். 21 பேருக்கு 67.5 லட்சம் டாலர் தரவேண்டும் என்று 2018-இல் தீர்ப்பு வந்தது. கட்டடத்தை இடிக்கவே கூடாது என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. பெயர்த்தெடுக்கக்கூடிய படைப்பு என்றால், வரைந்தவருக்கு எழுத்தில் தெரிவித்து 90 நாள் அவகாசம் கொடு என்கிறது அந்நாட்டின் 1990-ஆம் ஆண்டுச் சட்டம்.

இந்த வேலையைக் கிட்ட நின்று பார்த்தால் அந்தக் கலைஞர்களின் கோபம் புரியும். மெல்லிய கோடு வேண்டுமென்றால் ஸ்ப்ரே டப்பாவைச் சுவரை ஒட்டிப் பிடித்து, கையை நிறுத்தாமல் இழுக்க வேண்டும். கொஞ்சம் தயங்கினாலும் பெயின்ட் வழிந்துவிடும். மாடி உயரத்துக்கு ஒரு முகம் வரைவதென்றால், சிலர் முதலில் சுவர் முழுக்கக் கன்னாபின்னாவென்று கிறுக்குகிறார்கள். அதைப் போனில் படமெடுத்து, அதன்மேல் தங்கள் ஓவியத்தைப் பொருத்துகிறார்கள். எந்தக் கிறுக்கலுக்குப் பக்கத்தில் கண் வர வேண்டும் என்பது, சாரத்தில் ஏறி நிற்பவருக்கு அப்போதுதான் பிடிபடும்.

அனுமதியின்றி அடுத்தவர் கதவில் கிறுக்குவதற்காக நான் வாதாடவில்லை. அழைத்து வரையச் சொன்ன சுவரைப் பற்றித்தான் பேசுகிறேன். அதை அழிப்பதற்கு முன் வரைந்தவருக்கு ஒரு வார்த்தை சொல்வது எல்லா இடத்திலும் விதியாக வேண்டும்.

அப்புறம், தங்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு வந்த எந்தப் படத்திலும் ஓவியரின் பெயர் இல்லை. பெரும்பாலும் அவர்கள் ஓவியத்தின் ஓரத்திலேயே கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அந்த ஓரத்தை வெட்டிவிடாமல் அச்சிடுங்கள். படக்குறிப்பில் பெயரையும் சேருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்