மாவுப்பூச்சி அன்று, அதைத் தின்னும் புழு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரங்களில் வாழும் பூச்சிகளைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையில் ஒரு பிழை நேர்ந்திருக்கிறது. ‘மாவுப்பூச்சி’ என்ற குறிப்புடன் அச்சாகியுள்ள படத்தில் இருப்பது மாவுப்பூச்சி அன்று. மாவுப்பூச்சியையும் அதன் முட்டைகளையும் தின்று வளரும் கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டின் புழு. ‘கண்டவுடன் மருந்து அடியுங்கள்’ என்ற அறிவுரை அந்தப் படத்துக்கு நேர் கீழேயே இருப்பதால், இதைச் சிறு பிழையென்று விட்டுவிட மனம் வரவில்லை.

இரண்டும் வெள்ளை மெழுகு போர்த்தியவை என்பதால் குழப்பம் வருவது இயல்பே. மாவுப்பூச்சி தட்டையான நீள்வட்ட உடலோடு, ஓரத்தில் குட்டையான மெழுகு இழைகளோடு, கணுவிலோ இலைக்காம்பின் இடுக்கிலோ அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சும். குச்சியால் தொட்டாலும் மெல்லத்தான் நகரும். பொறிவண்டின் புழுவோ நன்கு வளர்ந்த நிலையில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு நீளமிருக்கும். அதன் இழைகள் நீண்டு, சுருண்டு, கலைந்து கிடக்க, இரை தேடிக் கிளையில் சுறுசுறுப்பாக ஊர்ந்து செல்லும். தாய்வண்டு மாவுப்பூச்சியின் பஞ்சு போன்ற முட்டைப் பைக்குள்ளேயே தன் முட்டைகளை இடுவதால், பகைவனின் வீட்டிலேயே பிறந்து அவனையே உண்டு வளரும் பிள்ளை இது.

மருந்து அடித்தால் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களே சாட்சி. அங்கே பஞ்சுச் செதில்பூச்சியால் மரங்கள் பட்டுக்கொண்டிருந்த வேளையில், 1888-89இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வேடாலியா என்னும் மற்றொரு பொறிவண்டைக் கொண்டுவந்து விட, குறுகிய காலத்திலேயே செதில்பூச்சி அடங்கிப்போயிற்று. 1940களில் டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லியைத் தெளிக்கத் தொடங்கியதும் பொறிவண்டுகள் மடிந்தன. செதில்பூச்சி மீண்டும் தலைதூக்கியது. மாவுப்பூச்சியிலும் இதே ஆபத்து உண்டு: மெழுகுப் போர்வையும் முட்டைப் பையும் அதைப் பெருமளவு காத்துவிட, வெளியில் அலையும் இரைவிழுங்கிகளே மருந்துக்கு முதலில் பலியாகின்றன.

எறும்புகளைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியிருப்பது பாதி சரி. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்புகள் அதைக் காவல் காத்து, பொறிவண்டுகளை விரட்டுவது உண்மைதான். ஆனால் இலைகளைப் பட்டிழையால் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு மரத்தைக் கடிக்கும் புழுக்களையும் வேட்டையாடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். எலுமிச்சை வகை மரங்களைக் காக்கச் சீனர்கள் பல நூற்றாண்டுகளாக அந்தக் கூடுகளைக் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள்.

‘அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை’ என்ற பழமொழியையும் கட்டுரை துணைக்கு அழைக்கிறது. அத்திக்குள் காணும் சின்னஞ்சிறு பூச்சிகளில், உள்ளே மறைந்து பூக்கும் அதன் பூக்களுக்கு மகரந்தம் சேர்க்கும் குளவிகளும் உண்டு. அவை நுழையாவிட்டால் பெரும்பாலான அத்தி இனங்களில் விதையே பிடிக்காது. பழமொழியில் குறையில்லை, அதை இழுத்துவந்த இடம்தான் பொருந்தவில்லை.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிடும்போது மாவுப்பூச்சியின் படத்தையும் இந்தப் புழுவின் படத்தையும் அருகருகே, வண்ணத்தில் அச்சிட வேண்டுகிறேன். இழைகளின் நீளம் தெளிவாகத் தெரியும் அளவுக்கு அவை பெரிதாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்