உரசுகிறதா என்று பார்த்துவிட்டு வண்டியைக் கொடுங்கள்

டயரும் வீலும் மாற்றித் தரும் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

அளவு மாற்றி டயர் போட்டால் சில வண்டிகளில் உரசும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கே உரசும், எதனால் உரசும் என்பதெல்லாம் எங்களைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

என் காரோடு வந்தது 195/65 ஆர்15 டயர், 6 அங்குல அகல ரிம், ஆஃப்செட் 45 (வண்டியோடு பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்ற அளவு, இது குறைந்தால் வீல் வெளியே வரும்). "ஒரு பிரச்சினையும் வராது" என்று சொல்லி ஒரு கடையில் மாட்டித் தந்தது 215/60 ஆர்16, 7 அங்குல ரிம், ஆஃப்செட் 35. போல்ட் ஓட்டைகள் பொருந்தின. அதோடு சோதனை முடிந்துவிட்டது. டயரின் விட்டம் சுமார் 30 மி.மீ. கூடுகிறது, அதாவது சுற்றிலும் 15 மி.மீ. இடைவெளி போய்விட்டது. ரிம் ஓர் அங்குலம் அகலமானதில் வெளிப்பக்கத்துக்கு வந்த பாதி 12.7 மி.மீ., ஆஃப்செட் குறைந்ததில் 10 மி.மீ. என்று ரிம்மின் வெளி ஓரம் கிட்டத்தட்ட 23 மி.மீ. மட்கார்டை நோக்கி வந்துவிட்டது. காகிதத்தில் ஐந்து நிமிடக் கணக்கு. யாரும் போடவில்லை.

நான் மட்டும் ஓட்டும்போது பின்பக்கம் சத்தமே கிடையாது. பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து, டிக்கியில் பெட்டிகளும் ஏறிய பிறகுதான் ஆரம்பித்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் 'கர்ர்' என்று ஒரு தேய்ப்பு. சத்தம் சரியாக அம்மாவின் இருக்கைக்குக் கீழே. வயதானவர், பள்ளம் வருகிறதென்று தெரிந்தாலே கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். பேச்சு நின்றுபோகும். கடைக்குத் திரும்பிப் போனேன். காலி வண்டியைக் கடை வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "சத்தமே இல்லையே சார், புது டயர், ஓட ஓட அடங்கிடும்" என்றார்கள். பின்சீட்டில் ஆள் ஏற்றிப் பாருங்கள் என்று கேட்டேன். அதற்கு யாருக்கும் நேரமில்லை. அப்புறம் வீல் அலைன்மென்ட், அதாவது வீல்களின் கோணத்தைச் சரிசெய்யும் வேலை, செய்து அதற்கும் பில் போட்டார்கள். 23 மி.மீ. வெளியே வந்த ரிம்மை எந்த அலைன்மென்ட் உள்ளே கொண்டுபோகும்?

மட்கார்டின் உள்மடிப்பு டயரின் தோளை (தரையில் படும் பகுதியும் பக்கச்சுவரும் சேரும் ஓரத்தை)ச் சுற்றிக் கோடு கிழித்திருந்ததை நானாகக் குனிந்து பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். அந்தக் கோடு ஆழமாகி உள்ளிருக்கும் நூலிழை வரை போனால், வேகத்தில் டயர் வெடிக்கலாம். அம்மா பயந்தது வீண் பயம் இல்லை.

தயவுசெய்து, உரசுகிறதா என்று பார்த்துவிட்டு வண்டியைக் கொடுங்கள். பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, முன்னாலும் பின்னாலும் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். டயரின் தோளில் சாக்பீஸ் தேய்த்துவிட்டு ஆட்களை ஏற்றி ஒரு மேடு பள்ளத்தில் விட்டு எடுங்கள், அழிந்த இடம் சொல்லிவிடும். மட்கார்டு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பளபளவென்று தேய்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். உள்பக்கம் ஷாக் அப்சார்பருக்கும் பிரேக் ஹோஸுக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்றும் பாருங்கள், அங்கே உரசினால் வெளியே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உரசுகிறது என்று வருபவரிடம் முதலில் நீட்டப்படுவது மட்கார்டு ஓரத்தை மடக்கும் யோசனை, இல்லையென்றால் ஸ்பிரிங்கை உயர்த்தும் யோசனை. தவறான அளவில் வீலை விற்றுவிட்டு அதற்கேற்ப வண்டியை வெட்டி வளைக்கச் சொல்வது நியாயமா? உள்ளே உரசினால் ஸ்பேசர் (வீலுக்குப் பின்னால் வைக்கும் தடிமனான தகடு) போடலாம் என்கிறீர்கள். அது வீலை இன்னும் வெளியே தள்ளும் என்பதையும் அப்போதே சொல்ல வேண்டாமா? வண்டி தயாரிப்பவர்களும் இதில் உதவுவதில்லை. கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையில் டயர் அளவும் காற்றழுத்தமும் இருக்கும், ஆஃப்செட் பொதுவாக இருக்காது. ரிம்மின் உள்பக்கம் அச்சிட்ட அந்த எண்ணைக் கழற்றும்போது பார்ப்பவர் நீங்கள்தான். வாங்குபவருக்கு அது கண்ணில் படுவதே இல்லை.

கோபத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுமையாக வேலை செய்யும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள் என்று தெரியும். கேட்பது இவ்வளவுதான்: பழைய ரிம்மின் அகலம், ஆஃப்செட், புதியதன் அகலம், ஆஃப்செட், இரண்டையும் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். ஆள் ஏற்றி, ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து, உரசவில்லை என்று பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். அதற்குத் தனிக்கூலி கேட்டாலும் தருகிறோம்.

நன்றியுடன்,
உங்களிடம் வீல் மாற்ற வந்த ஒருவன்