பத்து மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் கடல் நிற்கிறது, ஐயா

பெறுநர்: மும்பையின் வடக்குக் கடலோரக் காடுகளுக்குள் நுழைய அனுமதி வழங்கும் அதிகாரி அவர்கள்

பொருள்: சிலந்திக் கணக்கெடுப்புக்கு மாலை நேர அனுமதி கோருவது – மறுபடியும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் அலுவலகத்திலிருந்து பதில் வந்து சேர்ந்தது. நான்கே வரி என்றாலும் பதில் என்று ஒன்று வந்ததற்கு முதலில் நன்றி. கோராய், மனோரி, தகிசர் பக்கத்து அலையாத்திக் காடுகளில் சிலந்திகளைக் கணக்கெடுக்க எங்களுக்கு அனுமதி உண்டு, ஆனால் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. நாங்கள் கேட்டது மாலை ஐந்தரை முதல் இரவு பத்து வரை. முன்கதை உங்களுக்குத் தெரியும்: இந்தக் காடுகள் வழியாகக் கடலோரச் சாலை வரப்போகிறது, அதற்கான அறிக்கை சிலந்திகளைச் சரியாகப் பார்க்கவில்லை. கோப்பும் உங்களிடம்தான் இருக்கிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மராத்தியிலும் ஆங்கிலத்திலும் முன்பு எழுதியவை இன்வர்டு நம்பர் வாங்கிக்கொண்டு உறங்குகின்றன. இந்தத் தடவை தமிழில், எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். தாராவியிலும் மாட்டுங்காவிலும் மால்வணியிலும் இருக்கும் நம்மவர்களுக்கும் இது தெரியட்டும். உங்கள் அலுவலகத்திலும் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். காத்திருந்த நேரத்தில் அவர்களோடு ஊர்க்கதை பேசியிருக்கிறேன்.

எங்கள் சிரமம் ஒன்றே ஒன்றுதான், அது கடல். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மும்பையில் கடல் உச்சத்துக்கு ஏறுவது நண்பகல் வாக்கில், அப்புறம் நள்ளிரவு வாக்கில். மழைக்காலத்தில் மாநகராட்சி விடும் எச்சரிக்கைகளை எடுத்துப் பாருங்கள். நாலரை மீட்டருக்கு மேல் அலை எழும் என்று சொல்லும் நாட்களில் பெரும்பாலும் பன்னிரண்டு மணி, ஒரு மணி என்றுதான் நேரம் போட்டிருக்கும். அப்படியானால் நீர் நன்றாக வற்றுவது காலை ஆறு ஏழு மணிக்கும் மாலை ஆறு ஏழு மணிக்கும்.

இனி உங்கள் அனுமதிச் சீட்டை வைத்துக்கொண்டு ஒரு பௌர்ணமி நாளைக்குக் காட்டுக்கு வருவோம். பத்து மணிக்குக் காவலர் சங்கிலியை அவிழ்க்கிறார். அதற்குள் கழிமுகத்திலிருந்து நீர் உள்ளே வரத் தொடங்கிவிட்டது. பதினொரு மணிக்கு, சேற்றிலிருந்து மேலே நீட்டி நிற்கும் மூச்சுவேர்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. ஒரு மணிக்கு நாங்கள் நிற்க வேண்டிய இடத்தில் இடுப்பளவு தண்ணீர். கரைமேட்டில் உட்கார்ந்து கட்டிவந்த சோற்றைத் தின்கிறோம். மூன்று மணிக்கு நீர் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். நாலரைக்கு அங்கங்கே சேறு தலைகாட்டும். காலை வைக்கலாம் என்று எழுந்தால், ஐந்துக்கு முன்பே காவலர் விசில் ஊதுவார். அவரைக் குறை சொல்லவில்லை. நல்ல மனிதர். 'மாஸ்டர், நான் என்ன செய்வது, தாளில் ஐந்து என்று போட்டிருக்கிறதே' என்கிறார். அந்தத் தாளை எழுதியவரிடம் போய்ச் சொல்லுங்கள் என்பதுதான் அவர் சொல்லாமல் சொல்வது. சொல்கிறேன்: எங்களுக்குத் தேவை மாலை ஐந்தரை முதல் இரவு பத்து வரை.

அஷ்டமி, நவமி வாக்கில் பகலிலேயே வற்றுமே என்று நீங்கள் கேட்கலாம். மும்பையின் பூர்வகுடிகளான கோலி மீனவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அந்த நாட்களில் கடல் அரைமனதோடுதான் இறங்கும். சரி, இறங்கிய மட்டும் நடக்கலாம். ஆனால் நாங்கள் பார்க்க வந்தவை அந்நேரம் இலைச் சுருளுக்குள்ளும் பட்டைப் பிளவிலும் முடங்கிக் கிடக்கும். உருண்டை வலை பின்னும் நியோஸ்கோனா வகைச் சிலந்திகள் பல பொழுது சாய்ந்த பிறகுதான் வலை கட்டும், விடிவதற்குள் அதைத் தின்றுவிட்டு ஒளிந்துகொள்ளும். பகலில் வருகிறவருக்கு அங்கே வலையும் இல்லை, சிலந்தியும் இல்லை. நீரோரக் கிளைகளில் டெட்ராக்னாதா என்ற நீண்ட தாடைக்காரி முன்கால்களை முன்னாலும் பின்கால்களைப் பின்னாலும் நீட்டிக் குச்சியோடு குச்சியாகப் படுத்திருப்பாள். மூக்கு உரச நின்றாலும் கண்ணுக்குப் படமாட்டாள். இருட்டிய பிறகு வலையின் நடுவில் வந்து தொங்குவாள், அப்போது கைவிளக்கே போதும்.

ஓநாய்ச் சிலந்திகளைத் தேட அதுவும் வேண்டாம், நெற்றியில் ஒரு விளக்கைக் கட்டிக்கொண்டால் போதும். அவற்றின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. விளக்கும் நம் கண்ணும் ஒரே மட்டத்தில் இருந்தால் சேற்று மேட்டில் பச்சையும் நீலமுமாகப் புள்ளிகள் மின்னும். ஒரு புள்ளியைக் குறிவைத்து மெதுவாகக் கிட்டப் போனால் கட்டைவிரல் நகமளவு ஒரு தாய். அவள் முதுகு முழுக்க, ஒன்றன்மேல் ஒன்றாகக் குஞ்சுகள். அவற்றின் கண்களும் மின்னும். என்னோடு வந்த பழைய மாணவன் ஒருவன், இப்போது மலாடில் ஆட்டோ ஓட்டுகிறான், இதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. அது காட்டுக்கு வெளியே, பொதுச்சாலையோரத்து மேட்டில். பயப்பட வேண்டாம், விதிமீறல் எதுவும் இல்லை.

இப்போது அந்த அறிக்கைக்கு வருகிறேன். சாலைப் பணிக்காகத் தயாரித்த சுற்றுச்சூழல் அறிக்கையில் சிலந்திகளுக்கு ஒதுக்கிய இடம் ஒரு பக்கம்கூட இல்லை. எல்லாம் பொதுவான இனங்கள், குறிப்பிடத்தக்கது எதுவும் காணப்படவில்லை என்று முடித்துவிட்டார்கள். யார் எழுதினார்கள் என்று இங்கே சொல்லப்போவதில்லை. எப்படி எழுதினார்கள் என்பதைத்தான் சொல்ல வேண்டும். போனது மே மாதத்தில், அதுவும் பகலில். ஒரு சிலந்தி எந்த இனம் என்று உறுதியாகச் சொல்ல, முழு வளர்ச்சி அடைந்த ஆணோ பெண்ணோ வேண்டும். ஆணுக்கு வாயருகே உள்ள சிறிய உணர்காலின் நுனியையும், பெண்ணுக்கு வயிற்றின் அடிப்பக்கத்து இனப்பெருக்க உறுப்பையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துத்தான் பெரும்பாலான இனங்களைப் பிரிக்க முடியும். குஞ்சில் அது எதுவும் தெரியாது. மழை ஓயத் தொடங்கும் செப்டம்பர் முதல் நவம்பர் வரைதான் வளர்ந்தவை அதிகம் கிடைக்கும் காலம். மே மாதத்து வெயிலில் கிடைத்த குஞ்சுகளுக்கு இவர்கள் பெயர் சூட்டிய துணிச்சலை என்ன சொல்ல!

குழிப்பொறி வைத்ததாகவும் எழுதியிருக்கிறார்கள். விளிம்பு தரைமட்டத்துக்கு வரும்படி ஒரு கோப்பையைப் புதைத்தால் இரவில் ஓடும் பூச்சிகள் அதில் விழும், நல்ல முறைதான். ஆனால் இவர்கள் புதைத்தது அலையாத்திச் சேற்றில், கடல் தினம் இரண்டு தடவை வந்துபோகிற இடத்தில். கோப்பையில் சிலந்தி விழவில்லை என்று குறித்திருக்கிறார்கள். மீன் விழுந்ததா என்று குறிக்கவில்லை.

நாங்கள் செய்வது இதைவிடச் சாதாரணம். வெள்ளைக் குடை ஒன்றைக் கிளைக்கு அடியில் தலைகீழாகப் பிடித்து, கிளையைக் கம்பால் தட்டுவோம். விழுவதைப் பார்ப்போம், படமெடுப்போம், தேவையான ஒன்றிரண்டை மட்டும் எத்தனாலில் போடுவோம், மீதியை அங்கேயே விட்டுவிடுவோம். கரைப்பக்கத்து மரமொன்றில் ஒருநாள் முசுறு எறும்புகளோடு எறும்பாக ஒன்று குடையில் விழுந்தது. மற்றவை கடிக்க ஓடின. அது மட்டும் முன்கால் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டு நின்றது. எண்ணிப் பார்த்தால் எட்டுக் கால். அப்புறம் குடையின் விளிம்பிலிருந்து நூல் விட்டு இறங்கிப் போய்விட்டது. முசுறு வேஷம் போடும் குதிக்கும் சிலந்தி அது. அந்தச் சாலை அறிக்கையில் அதன் பெயர் இல்லை. இருக்காது, குடை பிடித்துப் பார்க்க வேண்டுமே!

இரவு நேரம் பாதுகாப்பில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா, இதைப் படித்தபோதுதான் கொஞ்சம் சிரிப்பு வந்தது. கட்டட இடிபாடுகளை ஏற்றிக்கொண்டு டம்பர்கள் அலையாத்தி ஓரத்துக்கு வருவது எந்த நேரத்தில்? காலையில் போய்ப் பார்த்தால் நேற்று மரம் நின்ற இடத்தில் உடைந்த டைல்ஸும் செங்கல்லும் மேடாகக் கிடக்கின்றன. அவர்களுக்கு விசில் ஊத ஆள் இல்லை. குடையும் டார்ச்சும் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியாரை நிறுத்த மட்டும் ஆள் இருக்கிறது.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2019 அக்டோபர் 4-ஆம் தேதி உயர்நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்த அன்று இரவே, நகருக்குள் இருக்கும் ஆரே காட்டில் மெட்ரோ பணிமனைக்காக மரம் வெட்டத் தொடங்கினார்கள். 7-ஆம் தேதி உச்சநீதிமன்றம் நிறுத்தச் சொல்வதற்குள் இரண்டாயிரத்துக்கும் மேல் போய்விட்டது. இந்த ஊரில் மரம் வெட்ட இரவு ஆகும், சிலந்தி எண்ண ஆகாது. வெர்சோவாவிலிருந்து பாயந்தர் வரைக்கும் போகும் கடலோரச் சாலையால் 45,000-க்கும் அதிகமான அலையாத்தி மரங்கள் பாதிக்கப்படும் என்று மாநகராட்சியே நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது. மரத்தை எண்ண முடிந்திருக்கிறது, நல்லது. அதில் குடியிருப்பவர்களை எண்ண மட்டும் ஏன் இத்தனை தயக்கம்? அலையாத்தியை அழிப்பது குடிமக்களின் வாழ்வுரிமையை மீறுவது என்று 2018-லேயே உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாங்கள் அவ்வளவு பெரிய உரிமை எதையும் கேட்கவில்லை, நாலரை மணி நேரம்தான் கேட்கிறோம்.

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது. சாலை வேண்டாம் என்று சொல்ல இந்தக் கடிதம் இல்லை. அதைச் சொல்கிறவர்கள் வேறு இருக்கிறார்கள், நன்றாகவே சொல்கிறார்கள்.

இந்த வேலை வீண்வேலை என்று உங்களுக்குத் தோன்றினால் ஒன்று சொல்கிறேன். தானே மாவட்டத்தில் கண்டுபிடித்த குதிக்கும் சிலந்தி ஒன்றுக்கு 2021-ல் ஈசியஸ் துக்காராமி என்று பெயர் வைத்தார்கள். 2008 நவம்பர் 26 இரவு, சௌபாத்தியில் கசாபின் துப்பாக்கிக் குழலைப் பிடித்துக்கொண்டு குண்டுகளைத் தன் உடம்பில் வாங்கிய காவல் துறையின் துக்காராம் ஓம்ப்ளேயின் நினைவாக. அதே ஆய்வில் வந்த மற்றொரு புதிய இனம் ஆரேயில் கிடைத்தது. இத்தனை நெருக்கடியான நகரத்தின் பக்கத்திலேயே, அறிவியலுக்குப் பெயர் தெரியாத உயிர்கள் இருந்திருக்கின்றன. காட்டுக்குள் போய்த் தேடியதால் கிடைத்தன. உலகம் முழுக்கப் பதிவான சிலந்தி இனங்கள் 2022-ல் ஐம்பதாயிரத்தைத் தொட்டுவிட்டன. கோராய்ச் சேற்றில் ஐம்பதாயிரத்துச் சொச்சமாவது ஒன்று இருக்கிறதா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. மண் கொட்டிய பிறகு யாருக்கும் தெரியப்போவதில்லை.

பாதுகாப்பு பற்றி உங்கள் கவலையில் நியாயமும் உண்டு. சேறு ஆளை விழுங்கும், பாம்பு உண்டு, நரிகூட உண்டு. ஆகவே நீங்கள் வைக்கும் நிபந்தனைகளுக்குக் கட்டுப்படுகிறோம். உங்கள் காவலர் ஒருவர் கூடவே வரட்டும், அவருடைய அன்றைய கூடுதல் நேரப் படியை நாங்கள் தருகிறோம். நீரோட்டம் தெரிந்த கோலி மீனவர் ஒருவர் படகோடு கரையில் நிற்பார், அவரிடம் பேசியாகிவிட்டது. ஆறு பேருக்கு மேல் உள்ளே வரமாட்டோம். பதினெட்டு வயதுக்குக் கீழே யாரையும் கூட்டி வரமாட்டோம். எங்களுக்கு ஏதாவது ஆனால் அரசு பொறுப்பல்ல என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதித் தருகிறோம். ஏறி வரும் நீர் மூச்சுவேர்களை மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே வந்துவிடுவோம். எடுக்கும் பட்டியல் முழுவதையும், படங்களோடு, முதலில் உங்கள் அலுவலகத்துக்கே தருகிறோம். அதற்குக் கூலி வேண்டாம், சான்றிதழும் வேண்டாம்.

வேண்டியது இவ்வளவுதான்: வருகிற செப்டம்பர் முதல் நவம்பர் வரை, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒட்டிய மும்மூன்று நாட்கள், மாலை ஐந்தரை முதல் இரவு பத்து வரை. கடல் தினமும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளித் தள்ளி வற்றும் என்பதால், மூன்றாம் நாள் மட்டும் பதினொன்று வரை கொடுத்தால் இன்னும் நல்லது. முடியாவிட்டால் பத்து மணியே போதும். நாட்களின் பட்டியலும், கடல் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையும் இணைத்திருக்கிறேன். தேதிகளை மட்டும் சரிபார்த்து, பழைய சீட்டில் '10 முதல் 5' என்று இருப்பதை அடித்துவிட்டு ஒரு கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. புதுக் கோப்பு திறக்க வேண்டாம்.

ஆகஸ்ட் கடைசி வாரத்துக்குள் பதில் கிடைத்தால் மீனவரிடம் நாள் குறித்துவிடலாம். தயவுசெய்து பரிசீலியுங்கள்.

இப்படிக்கு,
மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் அறிவியல் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியர்,
பழைய மாணவர்கள் சார்பிலும்,
மலாட், மும்பை

இணைப்பு: ஓத அட்டவணை, உறுப்பினர் பட்டியல், உங்கள் நான்கு வரிக் கடிதத்தின் நகல்